பூங்கா யாருக்கு?

புகைவண்டி நின்றுபோன பாதையிலே பூஞ்செடி! விமானம் இறங்கிய ஓடுதளத்திலே குழந்தைகளின் பட்டம்! பயனற்றுக் கிடந்த இடங்களைப் பல நாட்டு நகரங்கள் பூங்காக்களாக்கி வருகின்றன. நல்ல பணி, மறுப்பாரில்லை. ஆனால், பாராட்டி முடித்ததும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். பூங்கா யாருக்கு?

நியூயார்க் நகரின் மேற்குப் பகுதியிலே, தெருவுக்கு மேலே ஏறத்தாழ முப்பதடி உயரத்திலே, சரக்கு வண்டிகளுக்கென 1934-இல் ஓர் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. லாரிகள் பெருகின, பாதையின் தேவை குறைந்தது. 1980-இல் மூன்று பெட்டி வான்கோழி இறைச்சியுடன் கடைசி வண்டி ஓடி ஓய்ந்தது. "இடித்துத் தள்ளுக" என்றனர் பாதையின்கீழ் நிலம் வைத்திருந்தோர். "இடிக்காதே, பூங்காவாக்கு" என்று 1999-இல் சங்கம் கண்டனர் வேறு சிலர். சங்கமே வென்றது. 'ஹை லைன்' பூங்காவின் முதற்பகுதி 2009-இல் திறக்கப்பட்டது.

நுழைவுக் கட்டணம் கிடையாது. எனினும் நிகழ்ந்தது என்ன? சுற்றுப்புறத்துக் கட்டட விதிகளை நகர ஆட்சி 2005-லேயே மாற்றி வைத்திருந்தது. மாட மாளிகைகள் முளைத்தன, நிலத்தின் விலை ஏறிற்று, வாடகையும் ஏறிற்று. அருகே அரசுக் குடியிருப்புகளில் வாழும் எளிய மக்களோ, அந்தச் சோலை தமக்கென அமைந்ததல்ல என்றே கருதினர். சங்கத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹாமண்ட், அப்பகுதி மக்களுக்குச் செய்யவேண்டியதில் தவறிவிட்டோம் என்று 2017-இல் தாமே ஒப்புக்கொண்டார். செடி நட்டது பொதுப்பணமும் நன்கொடையும். கனி பறித்தது நில முதலாளி!

பெர்லின் மக்கள் வேறு வழி கண்டனர். 1948-49-இல், முற்றுகையில் சிக்கிய மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் அதன் திடல் பூங்காவாயிற்று. ஓரங்களிலே சுமார் 4,700 வீடுகள் எழுப்புவோம் என்றது நகர அரசு. வீட்டுப் பஞ்சம் மெய். அதை நாம் இகழோம். ஆனால், "அவற்றிலே ஏழைக்கு எத்தனை?" என்ற கேள்விக்கு, மக்கள் நம்பத்தக்க விடை வரவில்லை. 2014 மே 25-இல் நடந்த வாக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர் திடலைக் காக்கவே வாக்களித்தனர். அத்தீர்ப்பு சட்டமாயிற்று.

சட்டம் வந்ததென்று உறங்கலாமா? 2016-இல், அகதிகளுக்குத் தங்குமிடம் அமைக்க அச்சட்டம் திருத்தப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும், நல்லவனுக்குத் திறந்த கதவு வழியே கள்வனும் நுழையலாமன்றோ? எழுதிய சட்டத்துக்கும் காவல் தேவை.

நகர்மன்றங்களில் அமரும் தோழர்களே! பாழ்பட்ட பொதுநிலம் பூங்காவாவதை வரவேற்போம். ஆனால் செடி நடுமுன், நிலம் என்றும் பொதுவுடைமை என்று சட்டம் செய்க. சுற்றிலும் வாழும் ஏழையின் வாடகைக்கு வரம்பு கட்டுக. நிழலைக் கொடுத்து வீட்டைப் பறிப்பது நலத்திட்டம் ஆகாது.