மூவகைக் குறி

நம் சங்கத்துக் குடும்பங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி இன்று அயலான செய்தியன்று. தேசிய மாணவர் படையில் சேர்ந்த பிள்ளைகள் முகாமிலிருந்து திரும்பியதும், தாம் சுட்ட குண்டுகள் அட்டையில் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதைப் பெருமையுடன் எடுத்துரைக்கிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் ஒலிம்பிக் களம் கண்டார். அதன்பின் நம் வீட்டுப் பெண்மக்களும் இக்கலையை நாடுவதில் வியப்பொன்றுமில்லை.

ஆயினும் ‘குறி தவறாதவர்’ என்று ஒருவரைப் புகழும்போது, எந்தக் குறியை மனத்திற்கொண்டு புகழ்கிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பந்தயக் களத்தில் சுடுபவர், போர்க்களத்தில் சுடுபவர், மலைச்சரிவில் பதுங்கிச் சென்று மானைச் சுடுபவர் ஆகிய மூவர்க்கும் நாம் வழங்கும் பட்டம் ஒன்றே. மூவர் கையிலும் இருப்பது துப்பாக்கியே. எனினும் மூவருடைய துல்லியமும் ஒன்றல்ல. இம்மாதம் அவ்வேறுபாட்டைச் சற்று ஆராய்வோம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிவிட்டது. ஆதலால், மான் வேட்டை இன்றும் முறைப்படி நடைபெறும் ஸ்காட்லாந்து நாட்டு மலைப்பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் அளவுகோலை அறிந்துகொள்ள வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கமுடையோர் பாகை, கலை என்னும் அளவுகளை அறிவர். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. துப்பாக்கியின் துல்லியத்தையும் உலகெங்கும் இக்கலைக் கணக்கிலேயே அளக்கிறார்கள். ஒரு கலை விலகினால் 100 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளி விழும்; 300 மீட்டரில் 9 சென்டிமீட்டர் தள்ளி விழும். கையில் மயிரிழை அசைவு, தொலைவில் உள்ளங்கை அகலமாகப் பெருகிவிடுகிறது.

பந்தயக்காரருக்கு இலக்கு மிகச் சிறியது. 10 மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். நாலரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஈயக்குண்டு அப்புள்ளியைத் தொட்டால் போதும். 50 மீட்டர் போட்டியில் அந்நடுவட்டம் 10.4 மில்லிமீட்டர்; 300 மீட்டரில் 10 சென்டிமீட்டர். இவை ஏறத்தாழ ஒரு கலை அளவினுள் அடங்குவன. இத்தனை நுட்பம் மனிதக் கைக்கு எவ்வாறு வாய்க்கிறது எனின், மற்றவை யாவும் அசையாது நிற்பதால்தான். தொலைவு வரையறுக்கப்பட்டது, ஒளி சீரானது, விறைத்த மேலங்கி உடலைத் தாங்குகிறது, போட்டி தொடங்குமுன் வேண்டிய மட்டும் சோதனைக் குண்டுகளைச் சுட்டுப் பார்க்கவும் நேரம் உண்டு. தகுதிச் சுற்றில் அறுபது குண்டுகளுக்கு 75 நிமிடம் தரப்படுகிறது. அறுபதில் ஒன்று சற்றே பிறழ்ந்தால் ஒரு மதிப்பெண் குறையும். அடுத்த குண்டில் ஈடு செய்துகொள்ளலாம். கூட்டுத்தொகையே இங்கு வெற்றியைத் தீர்மானிக்கிறது.

போர்வீரனுடைய கணக்கு வேறு. அவனுக்குக் காலமே இறுக்கமான எல்லை. 1914ஆம் ஆண்டுக்கு முன்னர்ப் பிரிட்டிஷ் காலாட்படையினர் ஒரு நிமிடத்தில் பதினைந்து குண்டுகளைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சியைப் பெற்றனர். தொலைவு 300 கஜம். இலக்கோ நான்கடி அகலமுள்ள சதுரம். கலைக்கணக்கில் பார்த்தால் பந்தயக்காரருடைய நடுவட்டத்தைவிடப் பன்மடங்கு பெரிது. ஆயினும் ஒவ்வொரு குண்டுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளி, இடையே தோட்டாக்களை நிரப்பி, அந்நிமிடத்திற்குள் முடித்தல் எளிய செயலன்று. மேலும் போரில் எதிரி வெட்டவெளியில் நிற்பதில்லை. அவன் தலைதூக்கவொட்டாமல் அடக்கி வைப்பதற்கென்றே சுடப்படும் குண்டுகள் பல. யார்மேலும் படாத குண்டும் அங்கே தன் கடமையைச் செய்துவிடுகிறது. முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே பெருமையுடையதென்னும் கருத்தை வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். போரில் தவறிய படைக்கலத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

மான் வேட்டையில் அத்தகைய மதிப்பு எதுவுமில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் செம்மான்களை உண்டு தொகையைக் கட்டுப்படுத்திய ஓநாய்கள், பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் அடியோடு அழிந்துபோயின. மான்கள் பெருகினால் இளமரக் கன்றுகளைக் கடித்துக் காடு வளரவொட்டாமல் செய்கின்றன. மேய்ச்சல் போதாமல் கடுங்குளிரில் தாமும் மடிகின்றன. ஆதலால் ஆண்டுதோறும் ஒரு தொகையைக் குறைப்பது அங்கே நிலக்காப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. அதனை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. சுடுவதென்று முடிவான பின், அவ்வுயிர் துன்புறாமல் உடனே மடியவேண்டும் என்பதில் மட்டும் இருசாராருக்கும் கருத்து வேற்றுமையில்லை.

செம்மானின் நெஞ்சறையில் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி நாம் உண்ணும் தட்டின் அளவினது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ்ப்பாதியில் அது அமைந்துள்ளது. பிரிட்டனில் மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழ் பெறுவோர், 100 மீட்டர் தொலைவில் மூன்று குண்டுகளை நான்கங்குல வட்டத்திற்குள் சுட்டுக் காட்ட வேண்டும். அதன்பின் மானின் உருவம் தீட்டிய தாளில், படுத்தும் அமர்ந்தும் நின்றும் சுடவேண்டும். நான்கங்குலம் என்பது மூன்றரைக் கலைக்கு நிகர். பந்தயக்காரர் இதனைக் கேட்டால் நகைக்கக்கூடும். ஆனால் இங்கே சராசரி என்பது கிடையாது. ஒரு குண்டு உயிர்நிலைக்கு வெளியே விழுந்தாலும், மற்றவை எத்துணைச் செம்மையாக விழுந்திருந்தாலும், அச்சுற்றில் தேர்ச்சி இல்லை.

தேர்வைக் கடந்து மலையேறியபின் தொல்லைகள் பல்குகின்றன. வேட்டையாடுபவர் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்று பார்த்து, மானுக்குத் தம் வாடை எட்டாதவாறு சுற்றிச் சென்று, ஈரச் சதுப்பில் மார்பினால் ஊர்ந்து நெருங்க வேண்டும். அவ்வாறு சென்று சேரும்போது மூச்சு இரைக்கும், நெஞ்சு படபடக்கும், விரல்கள் குளிரால் மரத்திருக்கும். சோதனைக் குண்டு கிடையாது. குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதற்குண்டே முழுத்தேர்வு. குறுக்கே மணிக்குப் பத்து மைல் வேகத்தில் காற்று வீசினால், 200 கஜத்தில் குண்டு ஏறத்தாழ மூன்றங்குலம் ஒதுங்கும். அத்தொலைவைக் கடக்கக் குண்டுக்குக் கால் விநாடி வேண்டும். மெல்ல நடக்கும் மானும் அதற்குள் ஒரு சாண் நகர்ந்துவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் சென்று பாயும். வயிற்றில் அடிபட்ட மான் உடனே விழுவதில்லை. பல மணிநேரம் அலைந்து துன்புற்றே சாகும்.

இதனால்தான் மலையில் துல்லியம் என்பது விசையை இழுக்கும் விரலில் தொடங்குவதில்லை. அதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. மான் பக்கவாட்டில் நிற்கிறதா, அசையாது நிற்கிறதா, அதன் பின்னே குண்டைத் தாங்கும் மண்மேடு இருக்கிறதா, மற்றொரு மான் மறைந்து நிற்கிறதா என்பனவெல்லாம் ஆராய்ந்த பின்னரே சுடவேண்டும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூற்றில் படித்து மகிழ்கிறோம். இன்றைய மலைவேட்டையிலோ ஒரு குண்டு இரண்டாவது மானைத் தொட்டாலும் அது குற்றம். ஐயம் ஒன்று எழுந்தால், ஊர்ந்து வந்த உழைப்பு முழுவதும் வீணானாலும், சுடாமலே திரும்பிவிட வேண்டுமென்பதே அங்கே கற்பிக்கப்படும் முதற்பாடம்.

சுட்டபின்னும் கடமை முடிவதில்லை. மான் நின்ற இடத்தை நினைவிற்கொண்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிவைத்து, சிறிது பொறுத்தே அணுக வேண்டும். தரையில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் கண்டால் நுரையீரலில் பட்டதென்று பொருள். பச்சை நிறத்துத் தழைச்சாறு கலந்திருந்தால் வயிற்றில் பட்டதென்று பொருள். அந்நிலையில் மோப்ப நாயுடன் தேடிச்சென்று அவ்வுயிரின் துன்பத்தை முடித்து வைக்கும்வரை ஓய்வில்லை. பந்தயக்காரருக்குத் தவறிய குண்டால் ஒரு மதிப்பெண் போகிறது. வேட்டையாடுபவருடைய தவறுக்கு விலை கொடுப்பது மற்றோர் உயிர்.

இவ்வேறுபாடு குண்டின் அமைப்பிலும் தெரிகிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மை விமான நிலையத்தால் அறிந்த நம் அன்பர்கள் பலர். அவ்வூர்ப் படைக்கலத் தொழிற்சாலையில் 1890களில் செய்யப்பட்ட, உடலுள் பாய்ந்ததும் விரிந்து மலரும் குண்டே ‘டம்டம்’ என்று உலகெங்கும் பெயர் பெற்றது. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டின் பிரகடனம், மனிதர்க்கு மிகையான துன்பம் தருவதென்று அவ்வகைக் குண்டைப் போரிலிருந்து விலக்கிற்று. ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டமோ, மானைச் சுட விரியும் குண்டையே பயன்படுத்தக் கட்டளையிடுகிறது. விரியாத குண்டு ஊடுருவிச் சென்று, மானைக் காயத்தோடு ஓடவிடுமாம். ஒரே பொருளைக் கருணையின் பெயரால் ஓரிடத்தில் விலக்குகிறார்கள். கருணையின் பெயராலேயே மற்றோரிடத்தில் விதிக்கிறார்கள். போரில் வீரனைச் செயலிழக்கச் செய்தால் போதும், அவன் பிழைக்கலாம். வேட்டையில் காயம்பட்டுப் பிழைப்பதே கொடுமை. நோக்கம் மாறினால் நெறியும் மாறுகிறது.

மூன்று துறைகளும் ஒன்றையொன்று தொட்ட காலங்களும் உண்டு. 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடும் மானுருவைச் சுடும் போட்டி நடைபெற்றது. ஸ்வீடன் நாட்டு ஆஸ்கர் ஸ்வான் அதில் தம் அறுபதாம் வயதில் தங்கம் வென்றார். 1920இல் எழுபத்திரண்டாம் வயதில் குழுவினருடன் வெள்ளியும் பெற்றார். 1956ஆம் ஆண்டு மெல்போர்னுக்குப்பின் அப்போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. விளையாட்டில் மரமான் ஓடலாம். மலையில் ஓடும் மானைச் சுடுவது தகாது. இனி, 1900இல் தென்னாப்பிரிக்கப் போருக்கென ஸ்காட்லாந்து மலை வேட்டைக்காரரைத் திரட்டி லோவாட் ஸ்கவுட்ஸ் என்னும் படை அமைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் அவர்களுடைய சிறப்பு சுடுவதினும் காண்பதிலேயே மிகுதியும் விளங்கிற்று. மணிக்கணக்கில் தொலைநோக்கியால் ஒரே சரிவை நோக்கிப் பழகிய அக்கண்கள், பிறர் காணாததைக் கண்டன.

ஆகவே, மூவருள் யார் சிறந்த குறியாளர் என்று வினவுதல் பொருந்தாது. அளவுகோலால் பார்த்தால் பந்தயக்காரரே முதல்வர். விரைவால் பார்த்தால் போர்வீரன். பொறுப்பால் பார்த்தால், ஒரே குண்டுடன் நின்று, அதனையும் விடாமல் திரும்பத் தெரிந்த வேட்டையாளர். நம் பிள்ளைகள் பயிற்சியிலிருந்து வந்து மதிப்பெண்ணைச் சொல்லும்போது மனமாரப் பாராட்டுவோம். கூடவே, இலக்கின் பின்னே என்ன இருந்தது, எந்தக் கட்டளையின்மேல் சுட்டாய், ஐயம் வந்தபோது விரலை எடுத்தாயா என்றும் கேட்போம். துப்பாக்கியைக் கையில் தரும் எந்தப் பயிற்சிக்கும் இவ்வினாக்கள் பொருந்துவனவே.