உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டலாமா?

உடைந்ததும் பசை வாங்க ஓடாதீர்கள், சகோதரிகளே! முதலில் சாமானின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற எண் இருந்தால் சாதாரணப் பசை அதில் நிற்கவே நிற்காது. வாளி, மக்கு எல்லாம் பெரும்பாலும் இந்த ஜாதிதான். விரிந்த வாளியில் கறிவேப்பிலைக் கன்று வைத்துவிடுங்கள்.

ரேடியோப் பெட்டி, ரிமோட் மூடி போன்றவை நன்றாக ஒட்டும். உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, ஃபெவிக்விக் ஒரே சொட்டு விட்டு அழுத்திப் பிடியுங்கள். சில்லு பெயர்ந்த பள்ளத்தில் ஆப்ப சோடாவை நிரப்பி, மேலே சொட்டு விட்டால் நொடியில் கல்லாகிவிடும். சூடும் நெடியும் கிளம்பும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தையைக் கிட்டே விடாதீங்க. சிந்தினால் பஞ்சு, பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். சூடேறிக் கையைச் சுட்டுவிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

பால் பாட்டில், சாப்பாட்டு டப்பா, நாற்காலிக் கால், வெந்நீர் வாளியின் பிடி, இந்த நான்கையும் ஒட்டவே கூடாது. ஒட்டுப் போட்ட பிடி பாதி வழியில் விட்டால் வெந்நீர் யார் காலில் கொட்டும்? சிக்கனம் பார்க்கிற இடம் அதுவல்ல!