மீட்டர் லைட் எரியாவிட்டால் பரவாயில்லையா?



போன மாதம் செயலமர்வு ஒன்று முடிந்து, நாங்கள் ஆசிரியர்கள் ஏழு பேர் மட்டக்களப்பிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருடைய பழைய டொல்பின் வேன். மஃரிப் தாண்டி நல்ல இருட்டு. மீட்டரில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வேகம் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவர் போன் டோர்ச்சை அடிக்க வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் வந்தோம்.

களுவாஞ்சிக்குடி தாண்டியதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. றேடியேட்டர் ஹோஸில் சின்னக் கசிவு. சூடு காட்டும் முள் எப்போதோ மேலே ஏறியிருக்கிறது. இருட்டில் யாரும் காணவில்லை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

கராஜில் மீட்டரைக் கழற்றியபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. வெளிச்சம் தரும் பல்ப்கள் கருகியிருந்தன. அது வயதுக்கோளாறு. ஆனால் ஒயில் எச்சரிக்கை லைட்டின் இடத்தில் பல்பே இல்லை. ஓட்டை மட்டும்தான். யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். அந்த வேனை எங்கள் நண்பர் வாங்கியது நம்ம ஊர் ஆள் ஒருவரிடம்தான். அவர்தான் கழற்றினார் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. யார் செய்திருந்தாலும், விற்பதற்கு முன் சிவப்பு லைட்டை மறைக்கும் இந்தப் பழக்கம் நம்மிடையே இருக்கிறது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் புது வாகனத்தின் விலை நம்மைப் போன்ற சம்பளக்காரருக்கு எட்டாது. ஆக, பழைய வாகனங்கள்தான் நமக்கு. அவை ஊருக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருக்கின்றன. இன்று ஒருவர் மறைத்து விற்பதை நாளை நம் வீட்டுப் பிள்ளை வாங்கலாம்.

மீட்டர் லைட் திருத்துவது பெரிய செலவுள்ள வேலையும் இல்லை. முதலில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன உருளை இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். தெரியாமல் கை பட்டுக் குறைந்திருக்கலாம். முழு மீட்டரும் இருட்டென்றால் இறங்கிப் போய்ப் பின் லைட்டைப் பாருங்கள். பல பழைய வாகனங்களில் இரண்டும் ஒரே பியூஸில்தான். அதுவும் எரியவில்லையென்றால் பின்னால் வரும் பஸ்காரருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். பியூஸ் போனால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள். வயர்த் துண்டோ சிகரட் பெட்டித் தாளோ வைத்தால் வயரிங் எரியும்.

ஒரு மூலை மட்டும் இருட்டென்றால் பெரும்பாலும் பல்ப், இல்லாவிட்டால் அதன் ஹோல்டரில் துரு. எல்ஈடி பல்ப் போட்டு எரியவில்லையென்றால் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஆனால் சார்ஜ் லைட்டுக்கு நினைத்த பல்பைப் போட வேண்டாம். பல பழைய வாகனங்களில் அந்தப் பல்ப் வழியாகப் போகும் மின்சாரம்தான் ஒல்டர்னேட்டரை வேலை செய்ய வைக்கிறது. அதைக் கழற்றினால் பெட்டரி சார்ஜ் ஆகாமலும் போகலாம். மீட்டரைக் கழற்ற முன் பெட்டரியின் மைனஸ் வயரை எடுத்துவிடுங்கள். பழக்கமில்லையென்றால் வயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வாகனம் வாங்கப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஒன் பண்ணுங்கள். ஒயில் லைட்டும் சார்ஜ் லைட்டும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியவில்லையென்றால் "வாகனம் நல்லா இருக்கு" என்று சந்தோசப்படாதீர்கள். ஏன் எரியவில்லை என்று கேளுங்கள்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். மழையில் நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்றுதான் கேட்டார்கள். நனைந்தது வியாபாரியின் குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம். பழைய எஞ்சினில் குறை இருப்பது யாருக்கும் வெட்கமில்லை. குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்போம். அந்தக் காசில்தான் பரக்கத் இருக்கும்.

நாங்களும் குற்றவாளிகள்தான். அந்த இருட்டு மீட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாதக்கணக்கில் பயணம் செய்தோம். அதே வேனில் எங்கள் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். இன்று இரவு இஷா முடிந்து வீட்டுக்குப் போகும்போது உங்கள் மீட்டரையும் ஒருமுறை பாருங்கள்.