கொதித்தாலும் சாகாத நஞ்சு

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மறு ஆண்டு அக்டோபரில் முடிவு வெளியானது. யூரியா, டிடர்ஜென்ட், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று எந்தக் கலப்படத்துக்கு நாம் பயந்துகொண்டிருந்தோமோ, அது சிக்கியது வெறும் 12 மாதிரிகளில். ஆனால், 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88. தில்லியும் கேரளமும் நமக்கு அடுத்தபடிதான்.

அந்தச் சோதனைக்கு முந்தைய ஆண்டுதான், தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று அன்றைய பால்வளத் துறை அமைச்சரே குற்றம்சாட்டி, தமிழகம் அமளிப்பட்டது. தொலைக்காட்சி விவாதம், நீதிமன்ற வழக்கு, பாலைத் திரித்து ரப்பர்போல இழுத்துக் காட்டும் வாட்ஸ்அப் காணொளி என்று எதற்கும் குறைவில்லை. ஆணையத்தின் முடிவு வந்தபோது அந்தச் சத்தத்தில் கால்பங்குகூட எழவில்லை. காரணம் எளிது. இந்த நஞ்சை யாரும் திட்டமிட்டுக் கலக்கவில்லை. வில்லன் இல்லாத கதை நமக்கு ருசிப்பதில்லை.

அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை, ஈரம் காயாத நிலக்கடலையிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும். மனிதர் தின்ன ஆகாது என்று கழித்த நிலக்கடலைப் பருப்பு செக்குக்குப் போகிறது. எண்ணெய் தனியாகப் பிரிந்தபின் நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. மாடு அதைத் தின்றால், அதன் ஈரல் அந்த நஞ்சை எம்1 ஆக மாற்றுகிறது. ஒரு நாளுக்குள் அது மடியில் இறங்கிவிடும். தீவனத்தை மாற்றினால் நாலைந்து நாளில் பால் சுத்தமாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தீர்க்க முடியாத நோய் அல்ல இது.

ஆனால், தீர்வு அடுப்பில் இல்லை. 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடேற்றி உடனே குளிர்விக்கும் பாஸ்டரைசேஷன் காசநோய்க் கிருமி, புரூசெல்லா, சால்மொனெல்லா ஆகியவற்றைக் கொல்லும். அந்த முறை உருவானதே கிருமிகளுக்காகத்தான். அஃப்ளடாக்சின் உயிரல்ல, வேதிப்பொருள். 135 டிகிரிக்கு மேல் சூடேற்றும் யு.எச்.டி. முறையும் அதை அசைக்காது. நாம் வீட்டில் மூன்று முறை பொங்கவிட்டு இறக்குவதும் அசைக்காது. கறந்த பாலைவிட, பதப்படுத்திய பாலில்தான் இந்தச் சிக்கல் அதிகம் என்று ஆணையமே குறிப்பிட்டது. பாக்கெட்டில் வருவதாலேயே பால் பத்திரம் என்று நம்பும் நகரவாசிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதைப் படித்துவிட்டு உடனே பச்சைப் பாலுக்குத் தாவுகிறவர்களும் உண்டு. நாட்டு மாடு, கறந்த சூடு, இயற்கை என்று இப்போது நல்ல விலைக்கும் விற்கிறார்கள். அது எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை. மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலுக்கான கிருமியை ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887-ல் கண்டறிந்தார். அது ஆட்டுப் பால் வழியே வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் ஆயின. 1906-ல் படைவீரர்களுக்கு ஆட்டுப் பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. அதே கிருமிக் குடும்பமான புரூசெல்லா நம் ஊர் மாடுகளிடம் இன்றும் இருக்கிறது. பாலைக் காய்ச்சாமல் குடிப்பதில் வீரம் ஒன்றும் இல்லை.

சூடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஜப்பான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2000 மார்ச் 31. ஹொக்கைடோவில் ஸ்நோ பிராண்ட் நிறுவனத்தின் தாய்கி ஆலை. பனிக்கட்டி விழுந்து மின்சாரம் சுமார் மூன்று மணி நேரம் போனது. குளிரில் இருக்க வேண்டிய பால் வெதுவெதுப்பில் நின்றது. அதில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கியது. மின்சாரம் வந்ததும் வழக்கம்போலச் சூடேற்றிப் பால் பொடி ஆக்கினார்கள். பொடியில் பாக்டீரியா அளவுக்கு மேல் இருந்ததால், அதைக் கரைத்து மறுபடி சூடேற்றி இன்னொரு முறை பொடியாக்கினார்கள். இப்போது கிருமி இல்லை; சோதனையில் பொடி தேறியது. ஜூன் கடைசியில் ஒசாகாவில் அந்தப் பொடி சேர்ந்த பாலைக் குடித்த 13,000-க்கும் மேற்பட்டோர் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்தார்கள். கிருமி செத்தது, அது கக்கியது சாகவில்லை. மின்வெட்டும் கோடை வெயிலும் தெரிந்த நமக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவையில்லை.

அஃப்ளடாக்சின் இப்படி ஒரே நாளில் ஆளை வீழ்த்துவதில்லை. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று 397 பேர் ஈரல் பாதிப்புக்கு ஆளாகி, 106 பேர் இறந்தது விதிவிலக்கு. பாலில் வருவது மிகச் சிறிய அளவு. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஈரல் புற்றுநோய்க்கு வழிவிடும் என்பதுதான் கவலை. உடல் எடைக்கு ஒப்பிட்டால் நம்மைவிடப் பல மடங்கு பால் குடிப்பது குழந்தைகள். இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்; ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு அதில் பத்தில் ஒன்று. அந்தத் தளர்ந்த வரம்பையே நம் 88 மாதிரிகள் தாண்டின.

ஏன் தமிழ்நாடு? விடிகாலையில் ஏதாவது ஒரு கிராமத்துப் பால் சொசைட்டி வாசலில் நின்றால் பாதி விடை கிடைக்கும். கேனும் தூக்குவாளியுமாக வரிசை. ஊற்றிய பாலில் ஒரு கரண்டி சாம்பிள் மெஷினுக்குப் போகிறது. கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். என்னும் கொழுப்பல்லாத திடப்பொருள் இவ்வளவு என்று சீட்டு வருகிறது. சீட்டில் உள்ள இரண்டு எண்களை வைத்துத்தான் பணம். கொழுப்பு ஒரு புள்ளி இறங்கினால் லிட்டருக்கு விலை இறங்கும். எனவே கொழுப்பு ஏறப் பருத்திக்கொட்டை, சத்துக்குப் பிண்ணாக்கு. பூஞ்சைக்கு மிகப் பிடித்த இரண்டும் இவைதான். தரமான பிண்ணாக்கு விலை ஏறினால், மாடு வளர்ப்பவர் மட்டமானதை வாங்குவார். மழைக்காலத்தில் மூட்டை தொழுவத்துத் தரையில் ஈரம் குடித்துக் கிடக்கும். சுத்தமான தீவனம் போட்டவருக்கும் பூஞ்சைத் தீவனம் போட்டவருக்கும் சீட்டில் வித்தியாசமே இல்லை. நாம் எதற்கு விலை கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் தருகிறார். அவரைக் குற்றம்சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆன்டிபயாடிக் விஷயமும் இதே கதைதான். மடிநோய்க்கு ஊசி போட்டால் குறிப்பிட்ட நாள்கள் அந்தப் பாலைக் கொட்ட வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவர் கொட்டுவாரா? அந்த இழப்பை ஈடுகட்ட யாரும் இல்லை. ஆணையத்தின் அதே 2018 ஆய்வில் 77 மாதிரிகளில் மருந்தின் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கால்நடைத் தீவனம் சேராது. பாலைச் சோதிக்கும் அதிகாரிக்குப் பிண்ணாக்குக் கடையில் வேலை இல்லை. நஞ்சு நுழையும் வாசலுக்குக் காவல் இல்லை. வெளியேறும் வாசலில் மட்டும் எப்போதாவது ஆய்வு.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. அஃப்ளடாக்சினைச் சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டைகள் சந்தையில் கிடைக்கின்றன. ஒவ்வொரு விவசாயியின் வாளியிலும் வேண்டாம். பால் குளிரூட்டும் நிலையத்துத் தொட்டியில் வாரம் ஒருமுறை போதும். தொட்டி தேறாவிட்டால் அதற்குப் பால் ஊற்றும் சொசைட்டிகளைத் தேடிப் போகலாம். தீவனத்தை மாற்றிக் கொடுத்தால் அடுத்த வாரமே பலன் தெரியும். ஈரோட்டில் சொந்தமாகத் தீவன ஆலை வைத்திருக்கும் ஆவினுக்கு இது எட்டாத காரியமல்ல. தனியார் நிறுவனங்களுக்கும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். முடிவுகளை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். கொள்முதல் விலையில், தேறிய பாலுக்கு லிட்டருக்குச் சில்லறையாவது கூடுதலாகத் தர வேண்டும். பால் விலையை உயர்த்தக் கோரும் உற்பத்தியாளர் சங்கங்கள், அடுத்த பேச்சுவார்த்தையில் கொழுப்பு, எஸ்.என்.எஃப். ஆகியவற்றோடு இதையும் மூன்றாவது எண்ணாகக் கேட்க வேண்டும். அதற்குரிய விலையைப் பாக்கெட்டில் கொடுக்க நாமும் தயாராக இருக்க வேண்டும்.