வெட்டு என்றால் அடித்துவிடுவது இல்லை



ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் கண மொழி. கடைசிப் பாடம் நிகழ்தகவு. நடுவுல ஏழு பாடம் இருக்கு. நிகழ்தகவு வர்றதுக்குள்ள கணம் மறந்தே போயிடுது. இரண்டையும் சேர்த்து நடத்த வேண்டும், அதையும் நம்ம ஊர்க் கணக்கை வைத்தே நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

‘கணங்களின் வெட்டு’ என்று முதலில் படித்தபோது, இரண்டு கணத்திலும் உள்ள எண்களை அடித்துவிட்டு மீதியை எழுதினேன். வெட்டுன்னா வெட்டிப் போடறதுதானே! எல்லாம் தப்பு. இரண்டிலும் பொதுவாக இருப்பதுதான் வெட்டு. ஜான் வென் 1880-இல் எழுதிய வட்டப் படம் போர்டில் இருந்தும் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் டீச்சர் மைதானத்தில் வலைக்கயிறால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் வீட்டில் படகு இருப்பவர்கள், இன்னொன்றில் வலை இருப்பவர்கள் நிற்க வேண்டும். சிலர் அங்கும் இங்கும் ஓடினார்கள். “எங்க வீட்ல ரெண்டும் இருக்கு டீச்சர், எங்க நிக்கிறது?” என்று கேட்டார்கள். டீச்சர் இரண்டு வட்டத்தையும் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது போல இழுத்துப் போட்டார். அவர்கள் நடுவில் நின்றார்கள். அதுதான் வெட்டு!

நாங்கள் 32 பேர். படகு 14, வலை 21, இரண்டும் 9. எல்லார் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தால், படகு அல்லது வலை உள்ள வீடாக இருக்க நிகழ்தகவு என்ன? நான் 14-ஐயும் 21-ஐயும் கூட்டி 35/32 என்றேன். நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே தாண்டாது. நடுவில் நின்ற 9 பேரை இரண்டு முறை எண்ணிவிட்டேன். ஒருமுறை கழித்தால் 26. விடை 26/32, அதாவது 13/16. பேச்சில் ‘இதுவா அல்லது அதுவா’ என்றால் ஒன்றைத்தான் சொல்லணும். கணக்கில் ‘அல்லது’ என்றால் இரண்டும் இருப்பவர்களும் சேர்த்தி. பத்தாம் வகுப்பில் வரும் கூட்டல் தேற்றமும் இதுதானாம்.

மீதி 6 பேர் கயிறுக்கு வெளியே நின்றோம். நானும் ஒருத்தி. தோணிரேவுன்னு ஊர் பேர்லயே தோணி இருக்கு, ஆனா எல்லார் வீட்லயும் தோணி இல்லை. எங்க அம்மா ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவாங்க. அதுக்குப் படகும் வேணாம், வலையும் வேணாம். படகையும் வலையையும் மட்டும் எண்ணி மீன்பிடிக் குடும்பங்களுக்குப் பட்டியல் போட்டால் அம்மா அதில் வர மாட்டாங்க. ஆனா அனைத்துக் கணத்தில் நாங்களும் இருக்கோம்.

புத்தகத்தில் 1, 2, 3 என்று இருந்தபோது வெளியே நிற்கும் எண்ணை நான் கவனிக்கவே இல்லை. அங்கே நானே நின்றதும் மறக்க முடியவில்லை. அதனால் எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, அடுத்த வருஷம் இந்தப் பாடம் வரும்போது உங்க டீச்சரிடம் கயிறு கேளுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி