டியூ கட்டுவது யார்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருமுல்லைவாயில் வரை மதிலுக்கு மதில் பள்ளிக்கூட பேனர்தான். ‘அட்மிஷன் நடைபெறுகிறது’. அதற்குக் கீழே ஸ்மார்ட் கிளாஸ், வேன் வசதி, கராத்தே, அபாகஸ். ஆவடி, பட்டாபிராம், அயப்பாக்கம், பூந்தமல்லி தாண்டி நேமம் வரைக்கும் இதே கதை. பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் இல்லை இவை. தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், லோடு ஆட்டோ ஓட்டுபவர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்பவர் வீடுகளிலிருந்துதான் வேன் நிறைகிறது.

‘காசு கட்டினால்தான் படிப்பு வரும்’ என்பது இந்தத் தெருக்களின் நம்பிக்கை. அதே நம்பிக்கை கோட்டு மாட்டிக்கொண்டு கருத்தரங்குகளிலும் உலவுகிறது. ‘இந்தச் சின்னப் பள்ளிகளுக்கு வங்கிகள் கடன் தருவதில்லை. அவற்றுக்குக் கடன் கொடுப்பது ஏழைப் பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது’ என்று அது பேசும். ஐதராபாத்தின் இந்தியன் ஸ்கூல் ஃபைனான்ஸ் கம்பெனி, 2013-ல் பெங்களூரில் தொடங்கிய வர்தனா போன்ற நிறுவனங்கள் இதற்காகவே பிறந்தவை. சட்டப்படி நடக்கும் நிதி நிறுவனங்கள். அவற்றின் மேல் எனக்குப் புகார் இல்லை. கடன் கொடுப்பது கடன் கொடுப்பதுதான், அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

அமெரிக்காவைப் பார் என்பார்கள். பார்ப்போம். 1991-ல் மினசோட்டா மாநிலம் சட்டம் போட்டுத் தொடங்கிவைத்த சார்ட்டர் பள்ளிகளில் பிள்ளை ஒரு டாலர்கூடக் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று அரசு தருகிறது. கட்டடத்துக்குத்தான் பணம் போதாது. அந்த இடத்தில் உள்ளூர் மேம்பாட்டுக்கென்று ஏற்பட்ட சமூக நிதி நிறுவனங்கள் கடன் தருகின்றன. அந்த ஏற்பாட்டிலும் வம்பு வழக்குகள் உண்டு. ஆனால் அங்கே டியூ கட்டுவது வரிப்பணம். நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது அப்பாவின் சம்பளக் கவரும் அம்மாவின் மகளிர் குழு லோனும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது கணக்குத் தெரியாததால் இல்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு தாளாளர் மேல் மாடி கட்ட 40 லட்சம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். இந்தத் துறையில் இது கேள்விப்படாத வட்டி இல்லை. ஏழு வருடத் தவணை. மாதம் சுமார் 84,000 ரூபாய். முடிக்கும்போது கட்டியது 70 லட்சத்துக்கு மேல். பள்ளியில் 300 பிள்ளைகள் என்றால் தலைக்கு ஆண்டுக்கு 3,360 ரூபாய் கடனுக்கே போகிறது, ஒரு எழுத்துகூடக் கற்பிக்காமல். இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். 84,000 என்பது மாதம் 12,000 வாங்கும் ஏழு ஆசிரியைகளின் சம்பளம்.

அந்த ஆசிரியைகளை மறந்துவிட்டுத்தான் இந்தத் தர்மக் கதை ஓடுகிறது. டியூ தேதி தள்ளாது. பெற்றோர் டேர்ம் ஃபீஸைத் தள்ளுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு அரசு தர வேண்டிய பணமோ இன்னும் தள்ளும். மத்திய அரசும் மாநில அரசும் மல்லுக்கட்டியதில் 2025-ல் அந்தச் சேர்க்கையே கோடை தாண்டி இழுத்தது, உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. வரவு எல்லாம் தள்ளிப்போக, செலவில் ஒன்று மட்டும் தள்ளாது என்றால் பள்ளி எதில் கை வைக்கும்? சம்பளத்தில்தான். மே மாதச் சம்பளம் கிடையாது என்பார்கள். பி.எட். முடித்தவர் போய், முடிக்காதவர் வருவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரே வருடத்தில் இரண்டு கணக்கு டீச்சரைப் பார்க்கும்.

கடனுக்கு ஒரு சுபாவம் உண்டு. கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் அது கட்டும். முகப்பு, டைல்ஸ், புரொஜெக்டர், வேன். நல்ல ஆசிரியரை அடமானம் வைக்க முடியாது, பேனரில் போடவும் முடியாது. இதற்குச் சட்டமும் ஒத்தாசை. 2009-ன் தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அமைந்த குழு கட்டணம் நிர்ணயிக்கும்போது பார்க்க வேண்டியவற்றில் பள்ளியின் உள்கட்டமைப்பும் ஒன்று. கட்டு, கட்டியதைக் காட்டு, கட்டணம் கேள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் கும்பகோணம். 2004 ஜூலை 16 அன்று கூரைக் கட்டடத்தில் 94 பிள்ளைகள் கருகிய பிறகு, ஓலையை இறக்கிக் கான்கிரீட் போடாமல் பள்ளி நடத்த முடியாது. நில விதியும் வந்தது: மாநகராட்சி எல்லைக்குள் 6 கிரவுண்டு, கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் போனது, ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆனது, மனை விலை எங்கோ போய்விட்டது. தீயணைப்புச் சான்றுக்கும் அகலமான படிக்கட்டுக்கும் பணம் வேண்டும், கந்து வட்டிக்கு வாங்குவதைவிட இது மேல் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளையின் உயிர்ப் பாதுகாப்புக்கு ஆகும் செலவை அந்தப் பிள்ளையின் கூலிக்கார அப்பாவிடமே 18 சதவீத வட்டியோடு வசூலிப்பதை எப்படி உதவி என்று சொல்வது? அது விதி போட்ட அரசின் பொறுப்பு. குறைந்த வட்டியில், பாதுகாப்பு வேலைக்கு மட்டும், அரசே தர வேண்டிய கடன்.

சரி, காசு கட்டினால் படிப்பாவது கூடுதலாக வருகிறதா? கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரத்துக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. குலுக்கல் முறையில் சில ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் படிக்கக் கட்டணம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் அவர்களுக்கும், குலுக்கலில் விழாத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளிகள் அதை அரசுப் பள்ளியின் மூன்றில் ஒரு பங்கு செலவில் செய்தன, இந்தியையும் கூடுதலாகக் கற்பித்தன என்பதையும் மறைக்கக் கூடாது. சிக்கனம் உண்மைதான், அந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்தில் பிடித்தது. பாகிஸ்தான் பஞ்சாபில் இன்னொரு சோதனை, 2020-ல் வெளியானது. ஓர் ஊரில் ஒரே ஒரு தனியார் பள்ளிக்குப் பணம் கொடுத்தபோது அது ஆள் சேர்த்தது, கற்றல் உயரவில்லை. ஊரில் உள்ள எல்லாத் தனியார் பள்ளிக்கும் கொடுத்தபோது போட்டியில் ஆசிரியர் சம்பளம் ஏறியது, மதிப்பெண்ணும் ஏறியது. கடன் நிறுவனங்களின் நண்பர்கள் இதைச் சந்தோஷமாக மேற்கோள் காட்டலாம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லட்டும்: அங்கே கொடுத்தது மானியம். திருப்பிக் கட்டச் சொல்லவில்லை.

கடன் கொடுத்தவரிடம் கிரயப் பத்திரம் இருக்கிறது. பள்ளியிடம் என்ன அடமானம் இருக்கிறது? டி.சி. என்னும் மாற்றுச் சான்றிதழ்தான். ஃபீஸ் பாக்கி என்றால் டி.சி. கிடைக்காது என்பது எத்தனையோ வீடுகளில் நடந்த கதை. டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. டி.சி.யில் கட்டணப் பாக்கி பற்றி எழுதக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கல்விக்குச் சமூகம் பணம் போட்ட வரலாறு நமக்கு இல்லாமல் இல்லை. விருதுநகரில் நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் மகமை எடுத்து 1880-களில் சத்திரிய வித்யாசாலாவை நிறுவினார்கள். வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தும் நடத்தினார்கள். சாதிக் கட்டுமானத்துக்குள் பிறந்த பணம் அது, அதற்கு மெருகு பூச நான் வரவில்லை. ஆனாலும் பிடி அரிசிக்கு யாரும் வட்டி கேட்கவில்லை. அங்கே படித்த காமராஜர் முதல்வராக இருந்தபோதுதான் 1955-ல் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு மதிய உணவு வந்தது. இன்றும் உதாரணம் உண்டு. சென்னையில் சிறுகடன் நிறுவனமாகத் தொடங்கிய ஈக்விடாஸ், தன் லாபத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளைக்குக் கொடுத்துத் திருச்சி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் குறைந்த கட்டணப் பள்ளிகளை நடத்துகிறது. கடன் தொழில் ஒரு பக்கம், கொடை ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை.

பெற்றோரை முட்டாள் என்று சொல்லவும் நான் தயாரில்லை. அவர்கள் தனியாருக்குப் போவதன் முதல் காரணம் ஆங்கிலம்கூட இல்லை. 2012-லிருந்தே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு உண்டு. காரணம் வயது. மூன்றரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போக முடியாது. அந்த வயதில் வாசலுக்கு வேன் அனுப்புவது நர்சரிப் பள்ளி. எல்.கே.ஜி.யில் ஏறிய பிள்ளை பிறகு இறங்குவதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் கிடைக்கும் மருத்துவ இடங்களின் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் கைநழுவிப் போவது அன்றைக்கு யாருக்கும் தோன்றாது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. 2022-ல் நிறுத்துவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் தொடர்வதாகச் சொன்னது. இந்தத் தடுமாற்றம்தான் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பேனர்களை நிரப்புகிறது, கடன் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுக்கிறது. வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்: நம் வார்டின் அரசு தொடக்கப் பள்ளியில் எல்.கே.ஜி. எப்போது வரும், அதற்குத் தனி டீச்சர் யார், சாயங்காலம் எத்தனை மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள்?