கரிஞ்சாவை நினைத்தல்

1983 ஜனவரி 20 அன்று, தம் 49ஆம் வயதில், மதுவால் சிதைந்து கரிஞ்சா இறந்தார். மரக்கானா மைதானத்தில் வைக்கப்பட்ட உடலைக் காண ரியோவின் எளிய மக்கள் திரண்டனர். வளைந்த கால்களோடு பிறந்து, பொட்டாஃபோகோ அணியின் வலது ஓரத்தில் ஆடி, 1958, 1962 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்ற பிரேசில் அணியில் இடம்பெற்றவர். 'மக்களின் மகிழ்ச்சி' என்று அவரை அழைத்தார்கள்.

அவருடைய ரசிகர்கள் பெரிதும் நினைவுகூர்பவை கோல்களை அல்ல. வலப்புறமே பாய்வார் என்றறிந்தும் மீண்டும் மீண்டும் ஏமாந்த தடுப்பாட்டக்காரர்களையும், அப்போது அரங்கில் எழுந்த சிரிப்பையுமே. புள்ளிவிவரங்களில் அகப்படாத ஒன்றை ரசிக நினைவு காத்து வைத்திருப்பதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அந்நினைவு ஆட்டக்காரரைக் காக்கவில்லை. 1980 கார்னிவல் ஊர்வலத்தில் மங்கேய்ரா சம்பா குழுவின் தேர்மீது, சுற்றி நடப்பது எதுவும் உறைக்காதவராய் அமர்ந்திருந்தார் அவர். 2014 உலகக் கோப்பைக்காகப் பிரேசிலியாவில் பெரும் பொருட்செலவில் மீண்டும் கட்டப்பட்ட மைதானம் அவர் பெயரைத் தாங்கியது. 2017இலோ, அவர் புதைக்கப்பட்ட இடுகாட்டில் எலும்புகள் எங்குள்ளன என்பதே உறுதியாகத் தெரியவில்லை என்று செய்தி வந்தது.

கடந்துபோன நம் இன்பத்தை மீட்டுக்கொள்வது மட்டுமே நினைவுகூர்தல் ஆகாது. கரிஞ்சாவைப் போற்றுவோர் மரக்கானாவின் சிரிப்போடு அந்தத் தேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது நம் கருத்து. அந்தச் சிரிப்பைத் தந்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.